நம் கையில் எதுவும் இல்லாத வேலை

பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பொறுப்பு அதிகம், டென்ஷன் அதிகம், ஆகவே பிரஷரும் அவருக்கே என்பது கணக்கு. வாசலில் உட்கார்ந்திருக்கும் பியூனுக்கு என்ன கவலை, ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார் என்கிறோம். லண்டனில் 1967இல் தொடங்கிய ஓர் ஆய்வு இந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டது. வைட்ஹால் என்ற பெயரால் அறியப்படும் பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களை மருத்துவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உச்சியில் இருந்த நிர்வாக அதிகாரிகளைவிட, அடிமட்டத்தில் கோப்பும் கடிதமும் சுமந்த ஊழியர்கள் இதய நோயால் இறந்தது மூன்று மடங்குக்கும் அதிகம். நடுவில் இருந்தவர்களிடமும் அதே போக்குதான். பதவி ஒவ்வொரு படி இறங்க, ஆபத்து ஒவ்வொரு படி ஏறியது.

இவர்கள் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. நிலையான வேலை இருந்தது. அரசின் இலவச மருத்துவம் இருந்தது. கீழ்மட்டத்தில் சிகரெட் பழக்கம் அதிகம்தான். ஆனால் சிகரெட், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடித்தான் மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவினரும் 1985இல் இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். இந்த முறை பெண்களும் சேர்ந்து 10,308 பேர். கேட்கப்பட்டவற்றில் ஒரு தொகுதிக் கேள்விகள் மிக எளிமையானவை. உங்கள் வேலையை எப்படிச் செய்வது என்று நீங்கள் முடிவு செய்ய முடிகிறதா? எவ்வளவு வேகத்தில் செய்வது என்பது உங்கள் கையில் இருக்கிறதா? இடைவேளை எடுக்க வேண்டும் என்றால் உங்களால் எடுக்க முடியுமா?

மூன்று ஆண்டு இடைவெளியில் கேட்ட இரண்டு தடவையும் "இல்லை" என்ற பக்கமே நின்றவர்களுக்குப் புதிதாக இதய நோய் வந்தது, மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மனச்சோர்வில் இருப்பவர் எல்லாவற்றையும் இருட்டாகவே சொல்வார் என்று ஒரு சந்தேகம் எழலாம். அதற்காக ஊழியரைக் கேட்காமல், அவருடைய அலுவலகத்தின் பணியாளர் பிரிவு மேலாளர்களைக் கொண்டும் அந்த வேலையில் எவ்வளவு சுதந்திரம் உண்டு என்று தனியாக மதிப்பிட வைத்தார்கள். அந்த மதிப்பீட்டை வைத்துப் பார்த்தபோதும் முடிவு அதே திசையில்தான் இருந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வேலை அழுத்தம் என்று ஆலோசனைக்கு வருபவர்கள் அனேகமாக எல்லோரும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள்: "வேலை ஜாஸ்தி." வேலையைக் குறைக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். ஆகவே பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. பிறகு மூச்சுப் பயிற்சி, யோகா வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் "வேலை எவ்வளவு" என்ற கேள்விக்குப் பக்கத்தில் "அதில் என் கையில் என்ன இருக்கிறது" என்ற கேள்வியையும் வைத்தால்தான் ஏதாவது செய்வதற்கு வழி திறக்கும்.

இந்த இரண்டு கேள்விகளையும் முதலில் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் ராபர்ட் கராசெக். அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களின் தகவல்களைக் கொண்டு 1979இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். வேலையின் நெருக்கடி ஒரு அளவு. அந்த வேலையில் தன் திறமையைப் பயன்படுத்தவும் தானே முடிவெடுக்கவும் உள்ள வாய்ப்பு இன்னொரு அளவு. நெருக்கடி அதிகம், முடிவெடுக்கும் வாய்ப்பும் அதிகம் என்றால் அந்த வேலை ஆளைக் களைப்பாக்கும், கூடவே வளர்க்கும். அறுவை சிகிச்சை மருத்துவர், சொந்தமாகப் பட்டறை நடத்தும் மெக்கானிக், கல்யாணச் சமையல் மேஸ்திரி ஆகியோரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நெருக்கடி அதிகம், வாய்ப்பு குறைவு என்றால் அதுதான் உடம்பைத் தின்னும் வேலை. கால் சென்டரில் எழுதிக்கொடுத்த வரிகளை மட்டுமே பேச வேண்டியவர், பனியன் கம்பெனியில் பீஸ் கணக்கோடு ஓடுபவர், ரன்னிங் டைமுக்கும் டிராபிக்குக்கும் நடுவில் மாட்டிய டிரைவர் ஆகியோரின் வேலைகள் இந்தப் பக்கம் வந்துவிடும்.

நெருக்கடியும் இல்லை, வாய்ப்பும் இல்லை என்ற வகை ஒன்றும் இருக்கிறது. இரவெல்லாம் யாரும் வராத கேட்டின் முன் உட்கார்ந்திருக்கும் வேலை போல. இதை "நிம்மதியான வேலை" என்று நம் ஊரில் பொறாமையாகச் சொல்வார்கள். கராசெக் ஸ்வீடனில் 1968க்கும் 1974க்கும் இடையே ஒரே ஆட்களைப் பின்தொடர்ந்த தகவல்களில் கண்டது வேறு. வேலை இப்படி மந்தமாக மாறியவர்கள், வேலைக்கு வெளியிலும் மந்தமானார்கள். சங்கம், பொழுதுபோக்கு, ஊர்க் காரியம் எல்லாவற்றிலிருந்தும் மெல்ல ஒதுங்கினார்கள். பயன்படுத்தாத திறமை வீட்டிலும் துருப்பிடிக்கிறது. ஆகவே சும்மா உட்கார வைத்திருப்பதையும் ஆரோக்கியம் என்று எண்ணிவிட வேண்டாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

ஸ்வீடன் மர அறுவை ஆலை ஒன்றில் 1970களில் மரியான் ஃபிராங்கன்ஹாய்சரும் பெர்டில் கார்டெலும் நடத்திய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. சொல்லவந்ததைக் கண்ணால் பார்க்கும்படி காட்டிவிடுகிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வகைத் தொழிலாளர்கள். ஒரு பகுதியினர் இயந்திரத்தின் வேகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு பலகை வரும், உடனே தரம் பார்த்து முடிவு சொல்லி அனுப்ப வேண்டும், அடுத்தது வந்துவிடும். இன்னொரு பகுதியினர் பழுது பார்ப்பவர்கள், பராமரிப்பவர்கள். தங்கள் வேகத்தில் வேலை செய்தார்கள். இருவரின் சிறுநீரிலும் அட்ரினலின் அளவு பார்க்கப்பட்டது. தன் வேகத்தில் வேலை செய்தவர்களுக்கு ஷிப்ட் முடிய முடிய அது இறங்கியது. இயந்திரத்தோடு கட்டுண்டவர்களுக்கோ நேரம் போகப் போக ஏறிக்கொண்டே போய், வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் உச்சத்தில் நின்றது.

வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் யார் பேசினாலும் எரிந்து விழுகிறேன், குழந்தை பக்கத்தில் வந்தால்கூடத் தாங்க முடியவில்லை என்று சொல்பவர்கள் தங்கள் குணத்தைப் பழிக்கிறார்கள். குணம் என்று நினைப்பதில் பாதி, இறங்காத அட்ரினலின். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ நம் உடம்பு இதயத் துடிப்பைக் கூட்டுகிறது, ரத்தக்குழாயை இறுக்குகிறது, சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. ஓடி முடித்தால் எல்லாம் அடங்கிவிடும். ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது, நாற்காலியில் உட்கார்ந்து "யெஸ் சார்" என்றுதான் சொல்ல முடியும் என்றால் அடங்குவதற்கான சமிக்ஞை வருவதே இல்லை. நாள்கணக்கில் இது ஒன்றும் செய்யாது. ஆண்டுக்கணக்கில் ரத்தக்குழாயின் சுவரும், தூக்கமும், இடுப்பைச் சுற்றிய கொழுப்பும் கணக்குச் சொல்லத் தொடங்கும்.

பெண்களுக்கு இதில் இன்னொரு சுற்று இருக்கிறது. அதே ஃபிராங்கன்ஹாய்சர் பின்னாளில் வோல்வோ நிறுவனத்தின் ஆண், பெண் மேலாளர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். அலுவலகத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாலையில் வேலை முடிந்தபின் ஆண்களுக்கு அழுத்தத்தின் சுரப்பு இறங்கியது, பெண்களுக்கு ஏறியது. இரண்டாவது ஷிப்ட் வீட்டில் தொடங்குகிறது அல்லவா? ஸ்வீடனில் அப்படி என்றால், அடுப்பும் மாமியாரின் மாத்திரையும் பிள்ளையின் வீட்டுப்பாடமும் ஒரே ஆளின் தலையில் இருக்கும் நம் வீடுகளில் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

பயமுறுத்துவது என் வேலை இல்லை. ஆகவே அளவையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவின் 13 ஆய்வுகளில் பங்கேற்ற கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேரின் தகவல்களை ஒன்றாகத் தொகுத்து மீகா கிவிமாக்கி குழுவினர் 2012இல் வெளியிட்டார்கள். நெருக்கடி அதிகமும் சுதந்திரம் குறைவுமான வேலையில் இருப்பவர்களுக்கு இதய நோய் ஆபத்து 23 சதவீதம் கூடுதல். இது உண்மையான ஆபத்து. ஆனால் சிகரெட்டின் ஆபத்தைவிடக் குறைவு. மேனேஜர் மாறினால் எல்லாம் சரியாகும் என்று பீடியை விடுவதையும் பிரஷர் மாத்திரை போடுவதையும் ஒத்திப்போடாதீர்கள். மாத்திரையைத் தவறாமல் போடுங்கள், புகையை நிறுத்துங்கள், அதற்குப் பக்கத்திலேயே வேலையையும் திருத்துங்கள்.

இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள்

திருத்துவது எங்கிருந்து? ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், போனிலும் எழுதலாம். இரண்டு வாரம், ஒவ்வொரு வேலை நாளும், உடம்பு இறுகிய நேரங்களை மட்டும் குறியுங்கள். தாடை இறுகியது, கழுத்து வலித்தது, யாரிடமாவது கத்தத் தோன்றியது, கழிப்பறையில் போய் நின்றுகொண்டோம் என்ற நேரங்கள். பக்கத்தில் இரண்டே விஷயம் எழுதுங்கள். அப்போது என்ன வேலை நடந்தது? அந்த வேலையை எப்போது, எப்படி, எந்த வரிசையில் செய்வது என்று முடிவு செய்தது யார்?

இரண்டு வாரம் கழித்துப் படித்தால் பலருக்கும் ஆச்சரியம் காத்திருக்கும். மிக அதிகமாக வேலை செய்த நாளும் மிக மோசமாக உணர்ந்த நாளும் ஒன்றாக இருக்காது. ஆடிட் நாளில் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்தும் உற்சாகமாக வந்திருப்பீர்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை, ஆறு தடவை பாதியில் நிறுத்தி வேறு வேலைக்கு இழுக்கப்பட்டதில் நொறுங்கிப் போயிருப்பீர்கள். குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். வரிசையா, வேகமா, இடைவேளையா, லீவா, கடைசி நேரத்தில் மாறும் ஷிப்டா, வாடிக்கையாளர் திட்டும்போது பதில் சொல்ல அனுமதி இல்லாததா? பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் முன்னால் நிற்கும்.

அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போங்கள். "ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு சார்" என்று சொல்லாதீர்கள். அது உங்கள் உடம்பைப் பற்றிய செய்தி. அவருக்கு அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. "சமாளிங்க, எல்லாருக்கும்தான்" என்று முடித்துவிடுவார். வேலையின் மொழியில் பேசுங்கள்: "மேடம், காலையில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை போன் எடுக்காமல் இருந்தால் வவுச்சர் எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வரும் போனை நானும் ராணியும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம். ஒரு மாதம் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் பழையபடி செய்கிறேன்." இதில் காசு செலவு இல்லை, கால எல்லை இருக்கிறது, அதிகாரியின் அதிகாரம் குறையவில்லை. ஒரு மாதம் கழித்து நீங்களே போய்க் கணக்குச் சொல்லுங்கள். வேலை முடிந்ததைக் காட்டினால் அடுத்த பிடி தானாக வரும்.

ஒரு பெரிய உரிமையைக் கேட்பதைவிடச் சின்னச் சின்னப் பிடிகளைக் கேட்பது நல்லது என்பது என் அனுபவ முடிவு. இன்று வந்த பத்து வேலையில் எதை முதலில் செய்வது என்ற வரிசை. டீ குடிக்கும் பத்து நிமிடத்தை எப்போது எடுப்பது. சக ஊழியரோடு ஷிப்ட் மாற்றிக்கொள்வதற்கு மூன்று பேரின் கையெழுத்து வாங்காமல் ஒருவரிடம் மட்டும் சொன்னால் போதும் என்பது. இருநூறு ரூபாய் வரை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க மேனேஜரைக் கூப்பிட வேண்டியதில்லை என்பது. இந்தக் கடைசி ஒன்று கவுன்ட்டரில் நிற்பவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். கத்துகிற ஆளின் முன்னால், சரிசெய்யும் அதிகாரமே இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பதைப் போலச் சோர்வு தருவது வேறில்லை.

தனியாகக் கேட்டால் பயம் என்றால் சேர்ந்து கேளுங்கள். கராசெக்கின் கணக்கில் 1988இல் ஜெஃப்ரி ஜான்சனும் எலன் ஹாலும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: கூட இருப்பவர்களின் ஆதரவு. நெருக்கடி அதிகம், சுதந்திரம் குறைவு, அதோடு பேச ஆளும் இல்லை என்ற மூன்றும் கூடிய இடத்தில்தான் இதய நோய் மிக அதிகமாகக் காணப்பட்டது. மதியச் சாப்பாட்டை டெஸ்கில் ஒற்றை ஆளாகத் தின்பதை நிறுத்துங்கள் என்று நான் வருபவர்களிடம் வற்புறுத்துவது இதனால்தான். நான்கு டிபன் பாக்ஸ் ஒன்றாகத் திறக்கும் இடத்தில் ஷிப்ட் மாற்றமும் நடக்கும், சூப்பர்வைசரிடம் யார் பேசுவது என்றும் முடிவாகும்.

சேர்ந்து கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை பெண்கள் நின்றார்கள். வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், முதுகுவலி எல்லாம் இதன் கூலி. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி தொடங்கிய பெண்கூட்டு அமைப்பு இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடியது. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது; ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. உங்கள் கடையில் இன்னும் ஸ்டூல் வரவில்லை என்றால் அது உங்கள் முதலாளியின் தயவில் இருக்கும் விஷயம் இல்லை. தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

உட்காருவது சின்ன விஷயமாகத் தெரியலாம். என் கால் வலிக்கும்போது நான் உட்காரலாம் என்ற முடிவு என்னுடையதா, இன்னொருவருடையதா என்பதில்தான் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் வந்து நிற்கின்றன.

போலிச் சுதந்திரம்

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. உணவு டெலிவரி ஆப்களில் "நீங்களே உங்கள் முதலாளி, விரும்பிய நேரம் லாகின் செய்யலாம்" என்பார்கள். லாகின் செய்வது உங்கள் இஷ்டம்தான். ஆனால் இன்சென்டிவ் கிடைக்க இத்தனை ஆர்டர், இந்த நேரத்துக்குள், மறுத்தால் ரேட்டிங் இறங்கும், எந்த வழியில் போவது என்பதைக்கூட மேப் சொல்லும் என்றால் முடிவுகள் எல்லாம் இன்னொரு இடத்தில் எடுக்கப்படுகின்றன. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மாத வருமானத்தில் எவ்வளவு இன்சென்டிவிலிருந்து வருகிறது, அதற்காகக் கூடுதலாக எத்தனை மணி நேரம் ஓடுகிறீர்கள், பெட்ரோல் எவ்வளவு என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். சிலருக்குக் கடைசி இரண்டு மணி நேரம் கிட்டத்தட்ட இலவசமாக ஓடியதாகத் தெரியவரும். அந்த இரண்டு மணி நேரம் உங்கள் கையில் இருப்பது, அதை விட்டுவிடுங்கள்.

அலுவலகங்களில் போலிச் சுதந்திரம் வேறு உருவில் வரும். "நீயே பார்த்துக்கோப்பா, உன் மேல எனக்கு முழு நம்பிக்கை" என்று சொல்லிவிட்டு ஆளும் தர மாட்டார்கள், பணமும் தர மாட்டார்கள், தேதியை மட்டும் தருவார்கள். இது பொறுப்பை இறக்கிவைப்பது. உரிமை வந்ததா என்பதற்குச் சோதனை எளிது: முடியாது என்று சொல்லவோ, தேதியை மாற்றவோ உங்களால் முடிகிறதா?

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு எல்லாம் தங்கள் கையில்தானே என்று தோன்றலாம். கையில்தான், ஆனால் நேரத்துக்கு ஓர் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். காலை ஏழு முதல் இரவு பத்து வரை கடையில் இருக்கும் மளிகைக்காரர் வாரம் நூறு மணி நேரத்தைத் தாண்டுகிறார். அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மதியம் இரண்டு மணி நேரம் ஷட்டரை இறக்குவது அவரால் முடியும், செய்ய வேண்டும்.

ஆள் வைத்து வேலை வாங்குபவர்களுக்கு

நீங்கள் டீம் லீடராகவோ, சூப்பர்வைசராகவோ, பத்துப் பேரை வைத்து யூனிட் நடத்துபவராகவோ இருந்தால் மேலே சொன்னதெல்லாம் உங்களிடம்தான் வந்து சேரும். என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பதை நீங்கள் உறுதியாகச் சொல்லுங்கள். எப்படி, எந்த வரிசையில் என்பதை அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு மட்டும் இது பொருந்தாது. முதல் மூன்று மாதம் அவருக்குத் தேவை தெளிவான வழிகாட்டல். "உன் இஷ்டம்" என்று விட்டால் தவித்துப்போவார். நாளைய ஷிப்டை இன்று இரவு வாட்ஸ்அப்பில் போடும் வழக்கத்தை நிறுத்துங்கள். இரண்டு வாரம் முன்னால் போட்டுவிட்டால், பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்கும் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கும் அவர்களே தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். கழிப்பறைக்குப் போன நிமிடங்களை எண்ணாதீர்கள். தண்ணீர் குடிக்காமல் அடக்கி, சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண் தொழிலாளர்கள் அந்த எண்ணிக்கையின் விளைவு.

டொயோட்டா ஆலைகளில் நெடுங்காலம் அசெம்பிளி லைனை ஒட்டி ஒரு கயிறு ஓடியது. பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம்; உதவிக்கு ஆள் வருவார், தேவைப்பட்டால் லைனே நிற்கும். தரத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. நிறுத்தும் உரிமை தொழிலாளியின் கையில் இருந்தாலும் உற்பத்தி நாசமாகாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

ஸ்டாக்ஹோமில் பேருந்து ஓட்டுநர்களின் அழுத்தத்தைக் குறைக்க என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். ஓட்டுநர்களுக்குத் தியான வகுப்பு எடுக்கவில்லை. ஒரு வழித்தடத்தில் பேருந்துக்கென்று தனிப் பாதை போட்டார்கள், நிறுத்தங்களை மாற்றியமைத்தார்கள், சிக்னலில் பேருந்துக்கு முன்னுரிமை தந்தார்கள், பயணிகளுக்குத் தகவல் பலகை வைத்தார்கள். அந்தத் தடத்தின் ஓட்டுநர்களுக்கு ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் குறைந்தன. நிறுவனத்தில் ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் வகுப்புக்குப் பணம் ஒதுக்கும் முன், ஊழியர்களை உட்காரவைத்து "எது உங்கள் வேலையைக் கெடுக்கிறது?" என்று கேளுங்கள். பழைய பிரின்டர், ஒரே தகவலை மூன்று இடத்தில் ஏற்றவேண்டிய சாஃப்ட்வேர், எப்போதும் தாமதமாக வரும் துணி ரோல் என்று வரும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது

நாற்பதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் பிரஷர் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்தை ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். கிளினிக்கில் சரியாக இருந்து, வேலை நேரத்தில் மட்டும் ஏறும் அழுத்தம் உண்டு. வீட்டில் ஒரு டிஜிட்டல் கருவி வாங்கி, வேலை நாளில் காலையும் மாலையும், முடிந்தால் மதிய இடைவேளையிலும், ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் பாருங்கள். ஒரு வாரச் சராசரி 135/85ஐத் தாண்டினால் அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். வேலை எப்படிப்பட்டது என்றும் சொல்லுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் "கேஸ் டிரபிள்" என்று சோடா குடிக்காமல் 108ஐ அழையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், இனி வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், அதை வேலைப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேட்டுப் பார்த்தும், சேர்ந்து கேட்டுப் பார்த்தும் ஒன்றும் நகரவில்லை என்றால் வேறு வேலை தேடுவதில் தவறில்லை. ஆனால் சம்பளத்தை மட்டும் பார்த்துத் தாவினால் இதே வேலை வேறு கட்டடத்தில் கிடைக்கும். இன்டர்வியூவில் உங்களுக்குக் கேள்வி ஏதாவது இருக்கிறதா என்பார்கள். இருக்கிறது என்று சொல்லுங்கள். இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்? ஒரு நாள் வேலையை யார் திட்டமிடுகிறார்கள்? ஷிப்ட் எத்தனை நாள் முன்னால் தெரியும்? அவசரமாக லீவு வேண்டும் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? பதில் சொல்பவர் தயங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அங்கே வேலை செய்யும் ஒருவரை மாலையில் வாசலில் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து அதே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு பேரின் பதிலும் ஒத்துப்போனால் சேருங்கள்.